வெள்ளைக் கூரையும் தனி மீட்டரும்

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்கள் காலையில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கம் ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. போச்சம்பள்ளித் தொழிற்சாலைகளிலிருந்து திரும்புகிறவர்களும் அந்நேரத்துக்குத்தான் வீடு சேர்கிறார்கள். குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுக்கும்போது மணி பத்தாகிவிடும். வெயில் ஏறத் தொடங்கும் அந்த நேரம்தான் அவர்களுக்கு இரவு. சித்திரை மாதம், சிமென்ட் ஷீட் போட்ட பத்துக்குப் பத்து அறை, தலைக்கு மேல் ஒரே ஒரு ஃபேன். ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். ஷீட்டுக்கு அடியில் காய்ந்து நிற்கும் காற்றைப் படுத்திருப்பவர் மேல் இறக்குவதற்கு 75 வாட் மின்சாரம் செலவாகிறது. அந்த மின்சாரத்துக்கு, சொந்த வீட்டுக்காரர்கள் பலரைவிட அதிக விலை கொடுப்பவரும் அவர்தான்.

வீட்டு மின்செலவைக் குறைக்கும் வழிகள் என்று வரும் அறிவுரைகள் எல்லாம் சொந்த வீடும் சொந்த மீட்டரும் உள்ளவரை நினைத்தே சொல்லப்படுகின்றன. தேவையில்லாத விளக்கை அணையுங்கள் என்பதில் ஆரம்பிப்பார்கள். விளக்கின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட் எல்இடி செய்கிறது; அதுவும் இன்று எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உண்மையாகவே செலவு குறைய வேண்டுமானால் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. ஒன்று கூரை, இன்னொன்று மீட்டர். வெக்கையில் படுப்பவரின் கையில் இந்த இரண்டும் இல்லை என்பதே என் கவலை.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மார்கழியில் வெந்நீர் இல்லாமல் முடியாது. சூளகிரி, கிருஷ்ணகிரி என்று இறங்கி வந்தால் காவேரிப்பட்டினம் தென்பெண்ணைக் கரையில், தாழ்ந்த நிலத்தில், சுற்றிலும் வெயிலை வாங்கிக்கொள்ளும் பாறைக் குன்றுகளோடு இருக்கிறது. ஒரே மாவட்டத்தில் ஓரிடத்தில் கரண்ட் பில்லை ஏற்றுவது ஹீட்டர். இன்னோரிடத்தில் ஃபேனும் ஏசியும். ஒரே அறிவுரை இரண்டு ஊருக்கும் பொருந்தாது.

கூரை

காவேரிப்பட்டினத்தில் இரண்டு விதமான வெக்கை உண்டு. சிமென்ட் ஷீட் மெல்லியது. வெயில் பட்டதும் சூடாகி உடனே கீழே இறக்கிவிடும். அதன் கீழே மதியம் இருக்க முடியாது. காங்கிரீட் தளம் கனமானது. பகல் முழுக்கச் சூட்டை உள்வாங்கி, பொழுது சாய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதன் கீழே இரவு பத்து மணிக்குக்கூட உடம்பு காந்தும். ஆகவே, பகலில் தூங்குபவருக்கு ஷீட் கூரை எதிரி. இரவில் தூங்குபவருக்கு காங்கிரீட் தளம் எதிரி. யார் எப்போது தூங்குகிறார்கள் என்று கேட்காமல் ஒரு வீட்டின் மின்செலவைப் பற்றிப் பேசக் கூடாது.

நம் ஊர்க் கொத்தனார்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. தளம் போட்ட பிறகு அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். மழைநீர் இறங்காமல் இருக்க என்று சொன்னாலும், அந்த நான்கு விரற்கிடை ஜல்லி வெயிலையும் தடுத்தது. கூலியும் நாளும் மிச்சமாகும் என்று இப்போது பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். சிமென்ட் பூச்சோடு தளம் நிற்கிறது. கட்டும்போது மிச்சம் பிடித்த பணத்தை அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் ஆண்டுதோறும் கரண்ட் பில்லாகக் கட்டுகிறார்கள்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு உள்ள எளிய மருந்து வெள்ளை. கறுத்த தளம் கோடை மதியத்தில் 60 டிகிரிக்கு மேலும் சூடேறும். வெள்ளை அடித்த தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அவ்வளவு சூடேறாது. கீழே அறையிலும் சில டிகிரி குறையும். இதற்கென்று விற்கும் விலையுயர்ந்த பெயின்ட்தான் வேண்டும் என்பதில்லை. நீற்றிய சுண்ணாம்போடு கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடித்தாலே வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் அது கரைந்துபோகும். திரும்பவும் அடிக்க வேண்டும். ஷீட் கூரையில் அடிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். அதைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவோ, காய்ந்த நிலையில் சுரண்டவோ கூடாது. நனைத்து, தூசி பறக்காமல்தான் வேலை செய்ய வேண்டும். ஷீட் மேல் ஏறி மிதித்தால் உடையும். பலகை போட்டுத்தான் நிற்க வேண்டும். தென்னங்கீற்றைப் பரப்புவதும் நல்ல பலன் தரும். ஆனால் அடுப்புப் புகை போகும் இடத்திலும் மின்கம்பி உரசும் இடத்திலும் அது ஆபத்து.

வேறு மாநிலங்கள் இதை அரசின் வேலையாகவே பார்க்கத் தொடங்கிவிட்டன. தெலங்கானா 2023இல் குளிர் கூரைக் கொள்கை ஒன்றையே வெளியிட்டது. நம்மிடமும் வாய்ப்பு இருக்கிறது. 2011இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகளும் தரப்பட்டன. வீட்டைக் கட்டும்போதே மின்சாரத்தையும் சேர்த்து யோசித்த திட்டம் அது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் காங்கிரீட் வீடுகள் கட்டுவது இலக்கு. இந்தத் தளங்கள் எல்லாம் வெறும் சிமென்ட் பூச்சோடு விடப்பட்டால், 8 லட்சம் குடும்பங்கள் பல பத்தாண்டுகளுக்கு அந்த வெக்கையில்தான் படுத்தாக வேண்டும். தளத்தின் மேல் வெள்ளைத் தட்டோடு என்று மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை ஏன் சேர்க்கவில்லை என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேட்க வேண்டும்.

மீட்டர்

இப்போது லைன் வீட்டுக்கு வருவோம். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம் என்று தொழிற்சாலைக்கு ஆள் போகும் ஊர்களில் எல்லாம் ஒரே வரிசையில் ஐந்து, ஆறு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இ.பி. இணைப்பு ஒன்றுதான், அது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அறைக்கு ஒரு சப் மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்வார்.

2024 ஜூலையில் வந்த கட்டண அட்டவணையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500ஐத் தாண்டினால் 2 ரூபாய் 35 காசுச் சலுகை போய்விடும், மேலே 8.40, 9.45, 10.50, 11.55 என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு லைன் வீட்டில் ஆறு குடித்தனம், ஆளுக்கு 80 யூனிட். வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு 300 யூனிட். எல்லாம் ஒரே இணைப்பில் ஓடினால் 780 யூனிட்; பில் 4,581 ரூபாய். அதே ஏழு குடும்பத்துக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால்? ஆறு குடித்தனக்காரர்களும் 100 யூனிட்டுக்குள் இருப்பதால் அவர்கள் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. வீட்டுக்காரர் கட்ட வேண்டியது 705 ரூபாய். மொத்தமே அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்வரை, எட்டு ரூபாய் வாங்கும் வீட்டுக்காரர் கொள்ளை லாபம் அடிக்கிறார் என்றே எவருக்கும் தோன்றும். 480 யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் அவர் வசூலிப்பது 3,840. தன் கையிலிருந்து போடுவது 741 ரூபாய். தனி இணைப்பில் அவர் கட்டியிருக்கக்கூடிய 705 ரூபாயைவிட அது 36 ரூபாய் கூடுதல். ஆக, எட்டு ரூபாயில் அவருக்கு லாபமே இல்லை. பத்து ரூபாய் வாங்குபவரைப் பற்றி வேறு மாதிரிப் பேசலாம். ஆனால், குடித்தனக்காரர்கள் இழக்கும் 3,840 ரூபாயில் பெரும்பகுதி போவது மேல் படிநிலைக் கட்டணத்துக்கே. 2016 மே மாதம் ஜெயலலிதா அறிவித்த 100 யூனிட் இலவசம், யாருக்காக வந்ததோ அவர்களில் மிக எளியவர்களான இந்தக் குடித்தனக்காரர்களின் வாசலில் நின்றுவிட்டது.

தனி இணைப்பு கேட்டால் என்ன என்று கேட்கலாம். இணைப்புக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம், வைப்புத்தொகை எல்லாம் இணைப்புக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும். வரைபட அனுமதி இல்லாமல் கட்டிய லைன் வீடுகள் நிறைய; காகிதம் கேட்பார்களே என்று வீட்டுக்காரர் தயங்குகிறார். வீட்டுவரி எல்லா அறைக்கும் ஏறிவிடுமோ என்ற பயமும் உண்டு. குடித்தனக்காரர் ஓராண்டில் வேறு கம்பெனிக்கு, வேறு ஊருக்குப் போய்விடுவார். அவர் எதற்காகப் போராடுவார்? 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது, வாடகைத் தகராறு என்று மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது என்கிறது. லைன் வீட்டில் அட்வான்ஸ் கைமாறுவதே வாய்வார்த்தையில்தான் நடக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் இருக்கும் உறவினர்களோடு பேசும்போது ஓசூர்க்காரர்கள் கிருக ஜோதியைப் பற்றிச் சொல்வார்கள். 2023இல் கர்நாடகம் கொண்டுவந்த அந்தத் திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம். ஆனால் தொடங்கியபோது, முந்தைய ஆண்டின் சராசரியோடு பத்து சதவீதம் சேர்த்து வரும் அளவுக்குத்தான் கொடுத்தார்கள். வாடகைக்கு இருப்பவரும் ஆதாரைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அங்கே வழி வைத்தார்கள். அந்த ஒரு வழியை நாமும் கற்றுக்கொள்ளலாம்.

ஃபேனும் ஸ்கூட்டரும்

சொந்த மீட்டர் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 500 என்ற எண்ணைக் கவனியுங்கள். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்க்கு மேல். ரீடிங் எடுத்துப்போன முப்பதாம் நாள் நீங்களே மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டால், அடுத்த முப்பது நாளை எப்படி நடத்துவது என்று தெரிந்துவிடும்.

அந்த எல்லைக்குள் நிற்க உதவுவதில் ஃபேனுக்கு நிகர் இல்லை. பழைய ஃபேன் 75 வாட். பிஎல்டிசி ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். 600 யூனிட் ஓடும் வீட்டில் மூன்று ஃபேனை மாற்றினால் 480க்கு வந்துவிடும். பில் 2,880 ரூபாயிலிருந்து 1,679 ரூபாயாக இறங்கும். ஒரு ஃபேன் 3,000 ரூபாய் என்றாலும் ஒன்றேகால் ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம். விலை குறைவு என்று ஒரு நட்சத்திர ஃபேனை வாங்குவது கடைக்காரருக்கு மட்டுமே மிச்சம்.

போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்படுகின்றன. காந்தம் பதித்த மோட்டார், அதை நடத்தும் மின்னணுப் பலகை என்ற அதே தொழில்நுட்பம்தான் இந்த ஃபேனிலும் இருக்கிறது. அந்த ஸ்கூட்டரைச் செய்து அனுப்பும் கைகள் வீட்டுக்கு வந்து பழைய ஃபேனின் சுவிட்சைப் போடுகின்றன. ஸ்கூட்டர் வாங்கியவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் சுமார் 80 யூனிட் ஆகும். 450 யூனிட் ஓடிய வீடு 530க்கு ஏறும். 1,490 ரூபாய் பில் 2,292 ஆகும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் இதுவும் குறைவுதான். ஆனால் அதே வீட்டில் இரண்டு ஃபேனை மாற்றிவிட்டால் அந்த மிச்சத்திலேயே ஸ்கூட்டர் ஓடும்; பில் பழைய இடத்திலேயே நிற்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காயில் கட்டிக் கட்டிப் பழசான போர் மோட்டார் அதிகம் இழுக்கும், ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தொட்டி நிரம்பி வழிவது தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து வழிவது. ஓசூரில் ஒரு வாளி வெந்நீருக்கு அரை யூனிட் ஆகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். அங்கே சூரிய வெந்நீர்க் கலன் போடாமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஏசியை 24 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் சுமார் ஆறு சதவீதம் மிச்சம். ஃபிரிட்ஜ் வாங்கும்போது லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

மொட்டை மாடியில் சோலார் பலகை வைப்பதைப் பற்றி இப்போது அதிகம் பேசுகிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். நல்ல திட்டம்; பலகையின் நிழலில் தளமும் குளிரும். ஆனால் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் சரிசெய்த பிறகு போட்டால் இரண்டு கிலோவாட்டே போதுமாக இருக்கும் வீட்டில், முதலிலேயே மூன்று போட்டுவிடுகிறார்கள். சொந்தத் தளம் இல்லாதவருக்கு இந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கேதான் அரசுக்கு ஒரு பொறுப்பு வருகிறது. 80 யூனிட் ஓடும் குடும்பத்துக்குத் தனி மீட்டர் கொடுத்துவிட்டால், அதன் பிறகு சிக்கனத்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பைசாவும் மிச்சமில்லை; ஏற்கெனவே இலவசம். மிச்சமாவது அரசின் மானியம். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூலையில் நிர்ணயித்த 4 ரூபாய் 80 காசு விலையில் பார்த்தால், ஒரு நல்ல ஃபேன் அரசுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,160 ரூபாயை மிச்சப்படுத்தும். மொத்தமாகக் கொள்முதல் செய்தால் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அந்த ஃபேனின் விலை அரசுக்கே திரும்பிவிடும். லைன் வீட்டுக் குடித்தனக்காரர்கள் ஆறு பேருக்கும் இலவச யூனிட் கொடுத்தால் அரசின் செலவு இரண்டு மாதத்துக்கு 2,304 ரூபாய் கூடும் என்று யாராவது தடுத்தால், ஆளுக்கு ஒரு ஃபேன் கொடுத்து அதைப் பாதியாக்கலாம் என்பதே பதில். மீட்டரையும் ஃபேனையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் கணக்கு நிற்காது.

இதற்கு முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 2011இல் மிக்ஸி, கிரைண்டரோடு மின்விசிறியும் இலவசமாகத் தந்த மாநிலம் இது. அந்த கிரைண்டர் எத்தனையோ பெண்களின் தோள்வலியைக் குறைத்தது. அதைக் கேலி பேசியவர்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் நிறுவனம் எல்இடி பல்பை மொத்தமாக வாங்கத் தொடங்கியபோது 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாக இறங்கியது. அதே நிறுவனம் 2023 நவம்பரில் 1 கோடி சிக்கன ஃபேன்களுக்கான திட்டத்தையும் அறிவித்தது. தமிழ்நாடு தன் பங்கைக் கேட்டு வாங்கி, தொழிலாளர் குடியிருக்கும் தெருக்களிலிருந்து தொடங்கலாம்.

தொழிற்சாலைகளுக்கும் இதில் வேலை உண்டு. பகலில் தூங்காதவர் இரவில் பிரஸ் மெஷின் முன் நிற்கிறார். அவர் கண் அசந்தால் என்ன ஆகும் என்று எந்த சேஃப்டி ஆபீசருக்கும் தெரியும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தன் ஊழியர்களுக்கு மட்டும் செய்வது அந்தக் கணக்கில் வராது. ஒரு தெருவின் எல்லாக் கூரைக்கும் வெள்ளை அடித்தால் வரும். பேரூராட்சி தெருவைக் காட்டட்டும், கம்பெனி சுண்ணாம்புக்கும் கூலிக்கும் கொடுக்கட்டும், மின்வாரியம் அதே தெருவில் ஒரு முகாம் போட்டு லைன் வீடுகளுக்குத் தனி இணைப்பு விண்ணப்பங்களை அங்கேயே வாங்கட்டும். கட்டணத்தைத் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம். வேலையைத் தை மாதத்தில் ஆரம்பித்து மாசிக்குள் முடிக்க வேண்டும்; பங்குனியில் டெண்டர் விட்டால் கூரை காய்வதற்குள் கோடை மழை வந்து கரைத்துவிடும், வெயில் காலமும் பாதி போயிருக்கும்.